வாசகர் கேள்வி – பதில்: பழைய விமானங்களின் ஒளிரும் ஆரஞ்சு

சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் பழைய பயிற்சி விமானமான ஜெட் புரோவோஸ்டின் படம் வெளியாகியிருந்தது. வெள்ளி நிற உடலில், மூக்கைச் சுற்றியும் இறக்கைகளின் குறுக்கேயும் வாலுக்கு முன்னாலும் அகலமான ஆரஞ்சுப் பட்டைகள் பூசப்பட்ட விமானம் அது. அந்தப் பட்டைகளைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்கள் ஒன்றுக்கொன்று தொடர்புடையவையாக இருப்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: இராணுவ விமானம் என்றால் எதிரியின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்றுதானே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்? கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தை வலியப் போய் ஏன் பூசினார்கள்?
— ஓர் ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்

போர்முனைக்குப் போகும் விமானத்துக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் விமானப்படையின் விமானங்கள் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சொந்த நாட்டு வானத்தில்தான் கழிக்கின்றன. அங்கே அவற்றுக்கு எதிரி இல்லை. அதே வானத்தில் பறக்கும் மற்ற விமானங்கள் இருக்கின்றன. பயிற்சி விமானத்தில் அமர்ந்திருப்பவரோ இன்னும் கற்றுத் தேறாதவர். அதனால் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே பயிற்சி விமானங்களுக்கு மஞ்சள் பூசும் வழக்கம் வந்துவிட்டது. சுடும் பயிற்சிக்காக இலக்குத் துணியை இழுத்துச் செல்லும் விமானங்களுக்கு மஞ்சளும் கறுப்பும் சாய்கோடுகளாகப் பூசினார்கள். சுடுகிறவர் துணியை விட்டுவிட்டு விமானத்தைச் சுட்டுவிடக் கூடாது என்ற கவலை அதற்குக் காரணம்.

ஜெட் விமானங்கள் வந்த பிறகு மஞ்சள் போதவில்லை. 1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தனர். 1958 ஏப்ரல் 21 அன்று லாஸ் வேகஸ் அருகே ஒரு பயணிகள் விமானமும் எஃப்-100 வகைப் போர் விமானமும் மோதியதில் 49 பேர் மாண்டனர். அந்தப் போர் விமானத்தின் பின்னிருக்கையில் இருந்த மாணவ விமானி, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகுவதற்காக, வெளியே எதுவும் தெரியாதபடி திரைக்குள் அமர்ந்திருந்தார். அதற்கு ஒரு மாதம் கழித்து, மே 20 அன்று, மேரிலாந்து மாநிலத்தில் ஒரு டி-33 பயிற்சி ஜெட்டும் ஒரு வைக்கவுண்ட் பயணிகள் விமானமும் மோதி 12 பேர் இறந்தனர். அந்தக் கால முறை, விமானிகள் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்து விலகிக்கொள்வது என்பதுதான். பார்ப்பதை எளிதாக்க என்ன செய்யலாம் என்று தேடியவர்களுக்குக் கையில் கிடைத்த புதுப்பொருள் இந்த ஒளிரும் வண்ணம். 1950களின் கடைசியில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, மேற்கு ஜெர்மனி எனப் பல நாட்டு விமானப்படைகளும் மூக்கு, இறக்கை நுனி, வால் ஆகிய இடங்களில் அதைப் பூசத் தொடங்கின.

கேள்வி: சாதாரண ஆரஞ்சு பெயின்ட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? படத்தில் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லையே?
— ஒரு கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

படத்தில் தெரியாதது உங்கள் கண்ணின் குறையன்று. நான்கு மைகளைக் கொண்டு அச்சிடும் எந்த இதழாலும் இந்த நிறத்தைக் காட்ட முடியாது. அச்சில் வருவது அதன் நிழல்தான். கல்லூரிக்குப் போகும் வழியில் சாலைப் பணியாளர்கள் அணிந்திருக்கும் மேற்சட்டையைப் பாருங்கள், அங்கே அசல் கிடைக்கும்.

சாதாரண ஆரஞ்சு வண்ணம் தன்மேல் விழும் வெயிலில் நீலத்தையும் பச்சையின் பெரும்பகுதியையும் விழுங்கிவிட்டு, மிச்சமிருக்கும் ஆரஞ்சை மட்டும் திருப்பி அனுப்புகிறது. விழுங்கியது வெப்பமாகிப் போய்விடும். ஒளிரும் வண்ணம் அப்படி விடுவதில்லை. நம் கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரையும், ஊதா, நீல ஒளியையும் வாங்கி, அவற்றின் ஆற்றலில் ஒரு பகுதியை ஆரஞ்சு ஒளியாக மாற்றி வெளியே விடுகிறது. ஆக, வெயிலில் இருந்த ஆரஞ்சும் திரும்பி வருகிறது, புதிதாகப் பிறந்த ஆரஞ்சும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. தன்மேல் விழுந்த ஆரஞ்சு ஒளியைவிடக் கூடுதலான ஆரஞ்சு ஒளியைத் தருவதால்தான் அது உள்ளுக்குள் விளக்கு வைத்தது போலத் தோன்றுகிறது. பள்ளிப் பாடநூலில் உடனொளிர்தல் என்று படித்திருப்பீர்கள். இந்த நிகழ்வுக்கு 1852இல் ஆங்கிலப் பெயர் வைத்தவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர்.

கள்ளநோட்டுப் பார்க்கும் புறஊதா விளக்கு ஒன்று கிடைத்தால், இரவில் அறையை இருட்டாக்கிவிட்டு, சலவைத் தூளில் துவைத்த வெள்ளை வேட்டியின் மீது அடித்துப் பாருங்கள். வேட்டி நீலமாக எரியும். சலவைத் தூளில் கலந்திருக்கும் வெண்மையூட்டி செய்யும் வேலையும் இதேதான். ரூபாய் நோட்டின் எண்களும் உள்ளே பதிந்த இழைகளும் ஒளிர்வதும் அப்படியே.

இதைப் பகல் வெளிச்சத்திலேயே வேலை செய்யும் வண்ணமாக்கியவர்கள் ராபர்ட் சுவிட்சர், ஜோசப் சுவிட்சர் என்ற அமெரிக்கச் சகோதரர்கள். 1930களின் தொடக்கத்தில் ராபர்ட் வேலையிடத்தில் அடிபட்டுக் கண்பார்வை பாதிக்கப்பட்டு இருட்டறையில் ஓய்வெடுக்க நேர்ந்தது. அந்த நாட்களில் சகோதரர்கள் இருவரும் தம் தந்தையின் மருந்துக்கடைக்குள் புறஊதா விளக்கோடு இரவில் நுழைந்து, எந்தெந்தப் புட்டி ஒளிர்கிறது என்று தேடியதில் தொடங்கியது அவர்களது தொழில். ஜோசப்புக்கு மேஜிக் காட்சிகளில் ஈடுபாடு உண்டு. முதலில் அவற்றுக்குத்தான் பயன்படுத்தினார்கள். பிறகு சாயத்தைப் பிசினுக்குள் கரைத்து, உறையவைத்து, பொடியாக அரைத்தால் பகலிலும் ஒளிர்கிறது என்று கண்டுகொண்டார்கள். உலகப் போரில் தரைப்படையினர் தம் விமானங்களுக்கு அடையாளம் காட்ட விரித்த துணிகளில் அந்த வண்ணம் இருந்தது. டே-குளோ என்று அவர்கள் வைத்த வணிகப் பெயரே பின்னாளில் விமானப்படைகளில் பொதுப்பெயராகிவிட்டது.

கேள்வி: என் மகன் விமான பொம்மைகளுக்கு ரேடியம் கலர் பூசுகிறான். ரேடியம் என்றால் கதிர்வீச்சு இல்லையா? பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், வில்லியனூர்

பயப்பட வேண்டாம் அம்மா. நம் ஊரில் பளபளக்கும் ஸ்டிக்கர், ஒளிரும் பெயின்ட் எல்லாவற்றுக்கும் ரேடியம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வண்டிக்கு எண் ஒட்டும் கடையையே ரேடியம் கடை என்கிறோம். அவற்றில் ரேடியம் துளியும் இல்லை. வண்ணம் பூசும்போது சன்னலைத் திறந்து வைத்து, முகக்கவசம் போட்டுக்கொள்ளச் சொன்னால் போதும்.

ஆனால் அந்தப் பெயர் ஒரு காலத்தில் உண்மையாக இருந்த இடம் ஒன்று உண்டு. பழைய பொருள் சேகரிப்போர் அதை அறிந்திருப்பது அவசியம். உலகப் போர்க் காலத்து விமானங்களின் அளவுமானிகளில், இருட்டிலும் முள் தெரிவதற்காக, துத்தநாக சல்பைடோடு உண்மையான ரேடியத்தையே கலந்து பூசினார்கள். துத்தநாக சல்பைடு சில பத்தாண்டுகளில் நைந்து ஒளிர்வதை நிறுத்திவிடும். ரேடியத்துக்கோ பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். ஆகவே பழைய இரும்புக் கடையில் விமான அளவுமானி கிடைத்தால், அது ஒளிரவில்லை என்பதால் பாதுகாப்பானது என்று எண்ணி அதன் கண்ணாடியைத் திறக்கக் கூடாது. அந்தப் பொடி மூச்சில் போனால் ஆபத்து.

கேள்வி: நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறேன். ஆரஞ்சு மிதவை பக்கத்தில் நன்றாகத் தெரியும். தூரம் போனால் காணாமல் போய்விடும். அதனால் நாங்கள் வலையின் கழியில் கறுப்புத் துணிதான் கட்டுவோம். விமானத்துக்கு மட்டும் ஆரஞ்சு எப்படி உதவும்?
— ஒரு மீனவர், தேவனாம்பட்டினம்

ஐயா, வந்த கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். பெரிய விமானப்படை ஒன்று பல ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த முடிவும் நீங்கள் கழியில் கட்டும் கறுப்புத் துணியும் ஒன்றே.

நிறம் என்பதை உணர்வதற்குக் கண்ணுக்கு ஓரளவு பரப்பு வேண்டும். மிகச் சிறிய புள்ளியாகத் தெரியும் பொருளின் நிறத்தைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. அது பின்புலத்தைவிட வெளிச்சமா, இருட்டா என்பது மட்டுமே தெரியும். போதாததற்கு, இடையில் உள்ள காற்றில் சிதறும் ஒளி தூரத்துப் பொருள்மேல் வெண்திரை போலப் படிகிறது. உங்கள் மிதவை கரையிலிருந்து போகப் போக முதலில் நிறத்தை இழக்கிறது, பிறகு கடலின் வெளிச்சமும் அதன் வெளிச்சமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதால் மறைகிறது. கறுப்புத் துணி வானத்தின் வெளிச்சத்துக்கு எதிரே இருட்டாக நிற்பதால் தெரிகிறது.

விமானத்துக்கு வருவோம். எதிரெதிரே மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரண்டு ஜெட்டுகள் ஒவ்வொரு விநாடியும் சுமார் 440 மீட்டர் நெருங்குகின்றன. எதிரே வருவதைக் கண்டு, அது விமானம் என உணர்ந்து, மோதும் என்று தீர்மானித்து, கையை அசைத்து, விமானமும் திரும்பத் தொடங்குவதற்கு மொத்தம் 12.5 விநாடி ஆகும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தரும் கணக்கு. அப்படியானால் ஐந்தரைக் கிலோமீட்டர் தூரத்திலேயே கண்டாக வேண்டும். அந்தத் தூரத்தில், நேராக எதிரே வரும் சிறு ஜெட்டின் ஒன்றரை மீட்டர் அகல உடல், மனிதக் கண் பிரித்தறியும் எல்லையிலேயே இருக்கும். அதில் பூசியிருப்பது ஆரஞ்சா பச்சையா என்பது அங்கே எடுபடாது.

விடியற்காலையில் தேவனாம்பட்டினத்திலிருந்து கிழக்கே பார்க்கும்போது, எழும் சூரியனுக்கு முன்னால் எந்த நிறப் படகும் கறுப்பாகத்தான் தெரியும். விமானமும் வானத்தின் முன்னால் பெரும்பாலும் அப்படித்தான். பிரிட்டனில் நடந்த ஆய்வுகளின் முடிவில் 1990களில் ஹாக், டுகானோ பயிற்சி விமானங்களை முழுக்கப் பளபளப்பான கறுப்பாக மாற்றினார்கள். கறுப்பு வெளிச்சமான வானத்துக்கு எதிரே தனித்துத் தெரிகிறது, அதன் மினுமினுப்பு வளையும்போது வெயிலை வீசுகிறது.

அதற்காக ஒளிரும் ஆரஞ்சு வீண் என்று சொல்லிவிட மாட்டேன். ஒரே வானத்தில் வட்டமடிக்கும் பயிற்சி விமானங்கள் ஒன்றையொன்று மேலிருந்து, பச்சை வயலோ காடோ பின்புலமாகப் பார்க்கும்போது, ஒரு கிலோமீட்டர் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் அது நன்றாகவே உதவியது. மேகம் மூடிய நாளிலும் அந்தி நேரத்திலும் வெளிச்சத்தில் நீலத்தின் பங்கு கூடுவதால், சாதாரண வண்ணங்கள் மங்கும்போது இது தாக்குப்பிடிக்கிறது. பனியிலோ கடலிலோ விழுந்த விமானத்தைத் தேடுவோருக்கும் இது பெரிய துணை. உயிர்காப்புச் சட்டை ஆரஞ்சாக இருப்பதும் இதனால்தான். தேடி வருகிறவர் பக்கத்தில் வந்த பிறகு அலைகளுக்கு நடுவே உங்களைத் தவறவிடக் கூடாது. கழியில் கறுப்பு, உடம்பில் ஆரஞ்சு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்போது விமானப்படை விமானங்களில் அந்தப் பட்டைகளைக் காணோமே? நம் நாட்டில் எங்காவது இருக்கிறதா?
— ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பராமரிப்புச் செலவு அதை வீழ்த்தியது. வெயில் பட்டால் வெளுக்கும், அழுக்கு ஒட்டும், அடிக்கடி மீண்டும் பூச வேண்டும். பிரிட்டனில் பெயின்ட்டுக்குப் பதில் ஒட்டும் பட்டைகளும் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1960களில் பல நாடுகள் சாதாரணச் சிவப்பு, வெள்ளைக்கு மாறின. மின்னும் விளக்குகளும், அருகில் வரும் விமானத்தைத் தானே எச்சரிக்கும் கருவிகளும் பிறகு வந்தன. நம் நாட்டில் ஆரஞ்சு இன்றும் எடுப்பாக இருப்பது ஆளில்லா இலக்கு விமானங்களில். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய லக்ஷ்யா, அப்யாஸ் ஆகியவற்றின் படங்களைப் பாருங்கள்.

கேள்வி: 1/72 அளவில் ஜெட் புரோவோஸ்ட் மாடல் செய்கிறேன். ஒளிரும் ஆரஞ்சைப் பூசினால் திட்டுத்திட்டாக வருகிறது. நான்கு முறை பூசியும் அடியில் இருக்கும் சாம்பல் நிறம் தெரிகிறது.
— ஒரு மாடல் கலைஞர், முத்தியால்பேட்டை

உங்கள் கையில் குறையில்லை. இந்த வண்ணத்தின் பொடி ஒளி ஊடுருவக் கூடியது, மறைக்கும் திறன் குறைவு. சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) மேல் பூசினால், பிறக்கும் ஒளியில் பாதியை அடியிலுள்ள சாம்பலே தின்றுவிடும். உண்மையான விமானத்திலும் முதலில் தூய வெள்ளை, அதன்மேல் ஒளிரும் வண்ணம், அதற்கு மேல் புறஊதாவைத் தடுக்கும் தெளிந்த பூச்சு என மூன்று அடுக்காகத்தான் பூசினார்கள். நீங்களும் வெள்ளையிலிருந்து தொடங்கி, தூரிகையை விட்டுவிட்டு ஸ்ப்ரேயில், மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு பூசுங்கள்.

அமெரிக்க விமானம் செய்யும்போது வண்ண எண்ணைப் பாருங்கள். அவர்களது அரசுத் தரப் பட்டியலில் ஐந்து இலக்க எண்ணின் இரண்டாம் இலக்கம் 8 என்றிருந்தால் அது ஒளிரும் வண்ணம். 28913 என்பது ஒளிரும் சிவப்பு ஆரஞ்சு. ஜெர்மன் பட்டியலில் ரால் 2005 ஒளிரும் ஆரஞ்சு. சாதாரண ஆரஞ்சு எண்ணை எடுத்து ஏமாந்துவிட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சிறு மாடலில் அசல் வண்ணத்தை அதே வீரியத்தோடு பூசினால் பொம்மையாகத்தான் தெரியும். இரண்டு துளி வெள்ளை கலந்து, மேற்பரப்பில் சற்றுக் கூடுதலாகவும் அடிப்பரப்பில் குறைவாகவும் வெளுத்திருப்பதாகக் காட்டுங்கள். பணியில் இருந்த விமானங்களின் மேற்புறம்தான் வெயிலை வாங்கியது. புதிதாக மாற்றிய ஒரு கதவு மட்டும் பளீரென்று, பக்கத்துத் தகடு வெளிறிப்போய் இருப்பதைப் பழைய வண்ணப் படங்களில் காணலாம். எனக்கு அந்த விமானங்களில் மிகவும் பிடித்தது அந்தப் பொருந்தாமைதான்.

கேள்வி: ஓய்வுபெற்ற விமானப்படையினர் சிலர் சேர்ந்து, ஒரு கல்வி வளாகத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் பழைய பயிற்சி விமானத்தைச் சீரமைக்கிறோம். ஆண்டுதோறும் யாரோ எனாமல் பூசியிருக்கிறார்கள். அடியில் ஆரஞ்சு இருப்பது போல் தெரிகிறது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, கடையில் கிடைக்கும் ஒளிரும் பெயின்ட் அடித்துவிடலாமா?
— ஒரு வாசகர், அரியாங்குப்பம்

தயவுசெய்து எல்லாவற்றையும் சுரண்டிவிடாதீர்கள். அந்த அடுக்குகள்தான் அந்த விமானத்தின் பணிப்பதிவேடு. முதலில் இறக்கை நுனியிலும் மூக்கிலும் வாலிலும், கட்டைவிரல் அகல வட்டமாக, மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாக வெளிப்படும். காய்ந்த உப்புத்தாள் வேண்டாம். அலுமினியத்தின் மேல் முதலில் பூசிய மஞ்சட்பச்சைப் பிரைமரில் பெரும்பாலும் துத்தநாகக் குரோமேட் இருக்கும், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

ஆரஞ்சு வளையத்துக்கு அடியில் வெள்ளை வளையம் இருந்தால், அது ஒளிரும் பட்டையாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இரவில் அதே இடத்தில் புறஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். எனாமலுக்கு அடியில் இத்தனை காலம் வெயில் படாமல் இருந்ததால், அசல் வண்ணம் இன்னும் உயிரோடு ஒளிரக்கூடும். அதைப் படமெடுத்து, பட்டையின் அகலத்தை அளந்து குறித்துக்கொண்ட பிறகு மற்ற வேலையைத் தொடங்குங்கள். உப்புக்காற்றில் தகட்டின் மேல் கொப்புளம் போட்ட இடங்களை மட்டும் உலோகம் வரை எடுத்துவிட வேண்டியிருக்கும், அதைத் தவிர்க்க முடியாது.

மறுபடி பூசுவதைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு மொட்டைமாடியில், தை மாதத்தில் ஒரு பலகையில் நான்கு பட்டைகள் பூசிக் கிழக்குப் பார்த்துச் சாத்தி வைத்தேன். ஒன்று சாதாரண ஆரஞ்சு எனாமல். மற்ற மூன்றும் கடையில் வாங்கிய ஒரே ஒளிரும் ஆரஞ்சு: ஒன்று சாம்பல் பிரைமர் மேல், ஒன்று வெள்ளை மேல், ஒன்று வெள்ளை மேல் பூசித் தெளிந்த பூச்சும் கொடுத்தது. நான்கின் கீழ்ப்பாதியையும் ஒரு பிஸ்கட் டின் தகட்டால் மூடி ஆணியடித்தேன். சித்திரை முடிவதற்குள் சாம்பல் மேல் பூசியது செத்துவிட்டது. ஆடியில் தகட்டைக் கழற்றியபோது, வெள்ளை மேல் பூசியதன் திறந்த பாதி பழைய சந்தனப் பூச்சைப் போல வெளிறியிருந்தது. மூடியிருந்த பாதி, ஆணித் துளையைச் சுற்றிய இடம் வரை, பூசிய நாளில் இருந்தபடியே கண்ணைக் கூச வைத்தது. தெளிந்த பூச்சு கொடுத்தது இரண்டுக்கும் நடுவில் நின்றது. எனாமல் ஆரஞ்சு மங்கியிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே திறந்த வெளியில், நம் கடற்கரை வெயிலில் நிற்கும் விமானத்துக்கு முழுப் பட்டையையும் ஒளிரும் வண்ணத்தில் பூசினால் ஓர் ஆண்டுக்கு மேல் தாங்கும் என்று நம்பாதீர்கள். பார்வைக்குப் பொருத்தமான சாதாரண ஆரஞ்சு எனாமலைப் பட்டைகளுக்குப் பூசிவிட்டு, சக்கர அறையின் கதவுக்கு உட்புறம் போன்ற வெயில் படாத ஓரிடத்தில் மட்டும், வெள்ளை, ஒளிரும் ஆரஞ்சு, தெளிந்த பூச்சு என்று மூன்று அடுக்கையும் முறையாகப் பூசி வையுங்கள். வரும் மாணவர்களுக்கு அந்தக் கதவைத் திறந்து காட்டலாம். நீங்கள் தேய்த்துக் கண்டெடுத்த வட்டங்களில் ஒன்றை மட்டும் மூடாமல் விட்டு, அதன்மேல் ஒரு சிறு தகட்டைத் திருகாணியால் பொருத்தி, உட்புறத்தில் பென்சிலால் தேதியை எழுதிவிடுங்கள்.